பல்லிக்குக் கிடைக்காத கொன்றை மாலை

பல்லிக்கும் நம்மைப்போல முழுப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரக் காட்டில் ஒரு குகை இருந்தது. வீடும் சுவரும் கட்டுகிற மனிதர்கள் இன்னும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குகையின் கூரையில் ஒரு வெடிப்பு. சித்திரை மாதத்தில் பொழுது ஏறி வரும்போது அந்த வெடிப்பு வழியே வெயில் சாய்வாக இறங்கும். உள்ளே வழவழவென்றிருந்த பாறையில் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டதுபோல் விழும். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் எலி போய் நின்றால் பாறையில் எருமை அளவுக்கு நிழல் எழும். இதைக் கண்டுகொண்ட பிறகு காட்டுப் பிராணிகள் சும்மா இருக்குமா? அங்கே நிழலாட்டம் ஆடத் தொடங்கிவிட்டன. காட்டுக்கு அதுதான் சினிமா.

ஆட்டம் முடிந்தால் மரியாதை உண்டு. ஆஸ்கர் மேடையில் ஒரு தங்கப் பொம்மையைக் கையில் கொடுக்கிறார்களே, டிவியில் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. காட்டில் தங்கம் ஏது? சித்திரையில் சரம் சரமாகத் தொங்குகிற கொன்றைப்பூதான் தங்கம். நன்றாக ஆடிய நிழலுக்கு ஒரு கொன்றை மாலை. மறைவில் நின்று குரல் கொடுத்தவருக்கு ஒன்று. கூரை வெடிப்பின் மேல் உட்கார்ந்து பாக்குமட்டையை நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பவருக்கு ஒன்று. இலை தைத்து வேஷம் கட்டினவருக்கும் ஒன்று.

வெறும் அலங்காரத்துக்குப் போடுகிற மாலை இல்லை அது. மாலை விழுந்த கழுத்தை, மறுபடி கொன்றை பூக்கும்வரை, காட்டில் ஒருவரும் தொடக்கூடாது. அவர் குட்டி, குஞ்சு, முட்டை எதையும் தொடக்கூடாது. புலி, நரி, பாம்பு, பருந்து எல்லாரும் சபையில் நின்று சத்தியம் செய்வார்கள். மீறினால் காடே சேர்ந்து அடித்து விரட்டும். ஒரு வருஷம் பயமில்லாமல் கண்ணை மூடலாம். சின்னப் பிராணிக்கு அதைவிடப் பெரிய தங்கம் உண்டா?

கதைக்கு மட்டும் மாலை கிடையாது. கதை என்று யாரும் புதிதாக ஒன்றும் செய்யாததால் அது யாருக்கும் குறையாகவும் படவில்லை. புலிக்கு வரி விழுந்தது, ஆமைக்கு ஓடு வந்தது என்று எல்லாருக்கும் தெரிந்ததையே தலையை வாலாக்கி, வாலைத் தலையாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காட்டில் நொச்சி என்று ஒரு பல்லி இருந்தாள். சின்ன வயசு. அவள் புருஷன் ஒரு விட்டில்பூச்சியைத் துரத்திக்கொண்டு போனவன், போனவன்தான். முதல் தடவை அவள் இட்ட முட்டைகளை எறும்பு தின்றது. அடுத்த தடவை ஓணான். அதற்கடுத்த தடவை யார் தின்றார்கள் என்றே தெரியவில்லை. இரை தேடிவிட்டு வந்து பார்த்தால் முட்டை இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. இப்போது மறுபடியும் இரண்டு, சுண்டைக்காய் அளவில், வெள்ளை வெளேரென்று.

பயம் என்றால் எப்படிப்பட்ட பயம். இலை விழுந்தால் முட்டையிடம் ஓடுவாள். இலை விழாவிட்டால், ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று இன்னும் வேகமாக ஓடுவாள். தூங்குகிற குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிற தாயைப்போல, ஓட்டின்மேல் கன்னத்தை வைத்து வைத்துக் கேட்பாள். ஒன்றும் கேட்காது. கேட்கிற பருவம் இன்னும் வரவில்லை என்று தெரியும். தெரிந்தும் கேட்பாள்.

இந்தத் தடவை முட்டைகளை அவள் ஒளித்துவைத்த இடம் யாருக்கும் தெரியாது. கூடப் பிறக்காத அக்காவாகப் பழகிய மந்தி ஒருத்தி இருந்தாள், பாக்குமட்டை பிடித்து வெளிச்சம் காட்டுகிறவள். அவளிடம்கூட நொச்சி சொல்லவில்லை.

பயத்துக்கு மருந்தாக அவள் முட்டைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். ஓட்டுக்குள்ளே இருப்பவர்களுக்கு என்ன புரியும்? சொல்லும்போது தன் பல் நடுங்குவது நிற்கிறது, அது போதாதா. அப்படிச் சொல்லச் சொல்ல ஒரு கதை தானாக உருண்டு திரண்டது.

ஒரு கவுதாரி. அவள் குஞ்சுகளைத் தின்ன ஒரு பருந்து அலைகிறது. கவுதாரி எங்கே கொண்டுபோய் ஒளித்தாலும் பருந்து கண்டுபிடித்துவிடுகிறது. கடைசியில் அவள் பருந்தின் கூடு இருக்கிற மரத்துக்கு நேர் கீழேயே, வேர் மறைவில், குஞ்சுகளைப் படுக்கவைக்கிறாள். பருந்து காடெல்லாம் தேடிவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்து, அந்தக் குஞ்சுகளுக்கு மேலேயே உட்காருகிறது. பசியில் அழும் தன் குஞ்சுகளிடம், "தூங்கு கண்ணு, நான் இருக்கேன், யாரும் வரமாட்டாங்க" என்கிறது. கீழே கவுதாரி தன் குஞ்சுகளிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் அதே வார்த்தைகள்தான். மேலிருந்து அதே தாலாட்டு வருவதைக் கேட்டு அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

போன சித்திரையில் ஆட்டம் நடந்தபோது கழுதைப்புலிகள் குறட்டை விட்டது காடு முழுக்கப் பேச்சாக இருந்தது. ஆட்டக்காரர்களின் தலைவன் தோகையன் என்ற மயில் வெளியே தலைகாட்டாமல் இருந்தான். அவனிடம் ஒரு புதுக் கதையைக் கொடுத்தால், பதிலுக்கு அவன் சபையில் தனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று நொச்சிக்குத் தோன்றியது. ஒரு மாலை. ஒரே ஒரு மாலை கிடைத்தால் இந்த இரண்டும் பிழைத்துக்கொள்ளும். யோசித்து யோசித்து, ஒரு காலையில் துணிந்து போய்விட்டாள்.

தோகையன் முதலில் சிரித்தான். கதை சொல்ல வந்திருக்கிற ஆளைப் பார் என்று தன் பெண்டுகளிடம் காட்டினான். பல்லுக்குள் வைத்து முனகாமல் சொல் என்றான். நொச்சி சொன்னாள். சொல்லி முடித்தபோது விரித்திருந்த அவன் தோகை தன்பாட்டில் தரையில் இறங்கியிருந்தது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லாதே."

அவள் தன் விலையைக் கேட்டாள். ஆட்டம் முடிந்ததும் இது நொச்சி சொன்ன கதை என்று சபையில் சொல்லவேண்டும், தனக்கும் ஒரு மாலை கேட்டு வாங்கித் தரவேண்டும், தனக்காகக்கூட இல்லை, முட்டைக்காக. தோகையன் அவளை வாத்சல்யத்தோடு பார்த்தான்.

"இதெல்லாம் நீ வாய்விட்டுக் கேக்கணுமா தங்கச்சி? நீ நம்ம வீட்டுப் புள்ள."

நம்ம வீட்டுப் புள்ள என்று யாராவது சொன்னால் கையில் ஒன்றும் வராது என்பது நொச்சிக்கு அன்று தெரியாது. சந்தோஷமாகத் திரும்பினாள்.

ஒத்திகைக்குத் தினமும் போனாள். யார் எங்கே நிற்கவேண்டும், பருந்து எப்போது திரும்பவேண்டும், எந்த இடத்தில் குயில் குரலைத் தாழ்த்தவேண்டும் என்று பாறை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். தோகையனுக்குப் பருந்து வேஷம். நடுவில் தோகை விரித்து ஓர் ஆட்டம் வேண்டும் என்று அடம்பிடித்தான். பருந்துக்கு ஏது தோகை என்று அவள் கேட்டதற்கு, மக்களுக்குப் பிடிக்கும் என்றான். சரி என்றாள். கவுதாரியின் வேஷம் இன்னும் பளிச்சென்று இருக்கட்டும் என்றான். அதற்கும் சரி என்றாள். கடைசியில் வருகிற தாலாட்டை எடுத்துவிட்டு ஒரு சண்டை வைக்கலாம் என்றபோது மட்டும், அப்படியானால் கதையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை. முறைத்துவிட்டு விட்டுவிட்டான்.

நாளாக ஆக, "நொச்சி சொன்னபடி" என்று ஆரம்பித்தவன் "நாம பேசினபடி" என்றான். பிறகு "எனக்கு என்ன தோணுதுன்னா" என்று தொடங்கினான். மேலே பாக்குமட்டையோடு உட்கார்ந்திருந்த மந்தி, வயிற்றில் தொங்கிய குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ விரிச்ச பாயில அவன் காலை நீட்டிப் படுத்துட்டான், பாத்தியா?"

"சபையில சொல்லுவார்க்கா."

மந்தி "உம்" என்றாள். அடுத்த பேனைத் தேடினாள்.

ஆட்டத்தன்று குகை கொள்ளாத கூட்டம். சபைத் தலைவர் கொம்பனார், வயசான யானை, நடுவில் நின்றார். முன்வரிசையில் செம்போத்து. அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். செங்கல் நிறச் சிறகும் சிவந்த கண்ணுமாக, நிதானமாக அடியெடுத்து வைத்து நடக்கிற மனுஷர். அவர் எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று காட்டில் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர் பகலெல்லாம் புதர் புதராக நுழைந்து முட்டை தின்கிறவர் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று விட்டுவிடுவார்கள்.

வெளிச்சம் விழுந்தது. கவுதாரி வந்தாள், பருந்து வந்தது. முதலில் யாரோ தும்மினார்கள், அப்புறம் அதுவும் இல்லை. பருந்தின் குஞ்சுகள் பசிக்கு அழுதபோது ஒரு நரி தன் குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டது. கடைசியில் குயில் தாழ்ந்த குரலில் அந்தத் தாலாட்டைச் சொன்னபோது புலி முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டது. வெளிச்சத்தின் ஓரத்தில், பாறையோடு பாறையாக ஒட்டியிருந்த நொச்சிக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. தன் வயிற்றில் கிடந்த பயம் இத்தனை பேர் முகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதே என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு முயல், அந்த ஓரத்தில் என்ன கறை, தட்டிவிடக்கூடாதா என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது. கறை என்றது நொச்சியைத்தான்.

மாலைகள் வந்தன. தோகையனுக்கு முதல் மாலை. குயிலுக்கு ஒன்று. வேஷம் தைத்த தையல்சிட்டுக்கு ஒன்று. மந்திக்கு ஒன்று. குட்டியின் கழுத்தையும் சேர்த்துத் தன் மாலைக்குள் நுழைத்துக்கொண்டு மந்தி அழுதாள். தோகையன் பேசினான். மலைக்கு நன்றி சொன்னான், வெயிலுக்கு நன்றி சொன்னான், தன் தாயாருக்கும் கொன்றை மரத்துக்கும் நன்றி சொன்னான். நொச்சி காத்திருந்தாள். அவன் இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் எழுந்திருக்கத் தொடங்கியபோது அவள் பாறையிலிருந்து பேசினாள். முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி பேசினாள். யாரது என்றார் கொம்பனார். நான் நொச்சி, இந்தக் கதை நான் சொன்னது, எனக்கும் ஒரு மாலை வேண்டும் என்றாள்.

சிரிப்பு கிளம்பியது. நீ எங்கே ஆடினாய், உன் நிழல் எங்கே விழுந்தது என்று யாரோ கேட்டார்கள். கதைக்கு என்ன மாலை, அது காற்று மாதிரி, எல்லாருக்கும் பொது என்றது ஆமை. கொம்பனார் தோகையனைப் பார்த்தார். அவன் கொஞ்சம் தயங்கினான் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவன் மாலை புதிதாக இருந்தது, கழுத்துக்கு எடுப்பாகவும் இருந்தது.

"பழைய கதைங்க ஐயா. எங்க வம்சத்துல சொல்லிக்கிட்டு வர்றதுதான். இந்தப் புள்ள ஒத்திகைக்கு வந்து கேட்டுட்டு ஆசைப்படுது."

நொச்சி மேலே மந்தியைப் பார்த்தாள். மந்தி எல்லாம் கேட்டவள். ஒரு வார்த்தை போதும். மந்தி குட்டியின் தலையில் உதிர்ந்து கிடந்த கொன்றை இதழ் ஒன்றை எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை கொடுத்தவர்களைச் சங்கடப்படுத்தினால் மாலை திரும்பிப் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. அவளும் தாய்தானே.

கொம்பனார் நியாயமானவர் என்று பெயர் வாங்கியவர். அதனால் ஒரு கேள்வி கேட்டார்.

"உன்னோடதுன்னா, எங்கேருந்து எடுத்தே இந்தக் கதையை? அதைச் சொல்லு. மத்ததைச் சபை பாத்துக்கும்."

இந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் அவள் முட்டைகள் இருந்த இடத்தில் இருந்திருக்கும். நொச்சி அவசரக்காரி இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதைச் சொன்னால் கதை என்னுடையது என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் மாலை விழுந்துவிடும். மாலை விழுந்தபின் இடம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? சத்தியம் செய்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். சொல்வதற்கும் மாலை விழுவதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம்தான். அதைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தாள்.

"செம்போத்து ஐயா காடெல்லாம் முட்டை தேடிப் போறாரு. தன் கூட்டுக்கு அடியில அவர் தேடினதே இல்லை. என் முட்டை அங்கதான் இருக்கு. அந்த இலந்தைப் புதர்ல, அவர் கூட்டைத் தாங்குற கிளையோட பட்டைக்குள்ள. அவர் வீட்டுல குஞ்சுங்களைத் தூங்கவைக்கிற சத்தம் கீழே இருக்கிற எனக்குக் கேக்கும். அதே வார்த்தையை நானும் சொல்லிக்கிட்டிருப்பேன். அதுதாங்க கதை. வேற யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது."

சபையில் ஒரு பெரிய வியப்புச் சத்தம் எழுந்தது. கெட்டிக்காரிதான் என்று நரி உரக்கவே சொன்னது. தோகையன் கழுத்தைச் சுருக்கிக்கொண்டான். நொச்சி தன் கழுத்தை நீட்டினாள், மாலை போடுவதற்கு வாகாக.

கொம்பனார் யோசித்தார். யானை யோசிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னும் பின்னும் ஆடி, ஒரு கிளையை ஒடித்து, அதை மென்று, மறுபடி ஆடித்தான் யோசிக்கும். அதன் பிறகு வருத்தத்தோடு தலையை அசைத்தார்.

"அப்போ இது நீ யோசிச்சது இல்லையேம்மா. நடந்ததைச் சொல்லியிருக்கே. நடந்ததைச் சொல்றதுக்கு எதுக்கு மாலை?"

ஆமாம், அதுவும் சரிதான் என்று சபை தலையாட்டியது. முதலில் அது எல்லாருடைய கதை, ஆகவே மாலை இல்லை. பிறகு அது அவளுடைய கதையேதான், ஆகவே மாலை இல்லை.

அவள் மறுபேச்சுப் பேசத்தான் வாயைத் திறந்தாள். அப்போது முன்வரிசை கண்ணில் பட்டது. செம்போத்து இருந்த இடம் காலியாக இருந்தது. அவர் அவசரமாகப் போனதாக யாருமே சொல்லவில்லை. எப்போதும்போல நிதானமாக அடியெடுத்து வைத்து, வழிவிட்டவர்களுக்குத் தலையசைத்துவிட்டுத்தான் போனாராம்.

பல்லியின் எட்டு எவ்வளவு? ஒரு புல்லின் அகலம். குகை வாசலில் சரிந்து, கள்ளிமேல் ஏறி, காய்ந்த ஓடை மணலில் கால் பொரியப் பொரிய ஓடினாள். ஓடும்போது, தன் பெயரைச் சபையில் சொல்லவேண்டும் என்று ஏன் கேட்டோம் என்று ஒரு தடவை நினைத்தாள். அதற்குமேல் நினைக்க மூச்சு இல்லை.

இலந்தைப் பட்டை பெயர்ந்து கிடந்தது. உள்ளே வெள்ளை ஓட்டுத் துண்டுகள், ஈரம் காயாமல். மேலே கூட்டு வாசலில் செம்போத்து அலகைக் கிளையில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மரியாதையாகவே பேசினார்.

"நல்ல கதை, தாயி. அந்தப் பருந்து தன் குஞ்சுங்ககிட்டப் பேசுற இடம் இருக்கே, எனக்கு நெஞ்சைப் பிசைஞ்சிடுச்சு. எங்க வீட்டுலயும் காலையிலருந்து பசி."

நொச்சி ஓட்டுத் துண்டுகளைப் பட்டைக்குள்ளே தள்ளி மூடினாள். அதன்பிறகு அவள் பேசி யாரும் கேட்கவில்லை.

மறுபடி கொன்றை பூத்தது. வெடிப்பு வழியே வெயில் இறங்கிப் பாறையில் விரிந்தது. விரிந்து, சும்மா கிடந்தது. தோகையன் வந்து தோகையை விரித்து நின்றான். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகை எவ்வளவு நேரம் பார்ப்பது? புலிக்கு வரி விழுந்த கதையை எடுத்தார்கள். கழுதைப்புலிகள் குறட்டைக்குக்கூட உட்காராமல் எழுந்து போய்விட்டன. போன வருஷத்துக் கவுதாரியைப் பார்த்துவிட்டவர்களுக்கு இது இறங்கவில்லை. புதுசாக ஒன்று வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள்.

காட்டில் கதை இல்லாமலா இருந்தது? உடும்பிடம் ஒன்று இருந்தது. முள்ளம்பன்றியிடம் ஒன்று இருந்தது. மனசில் கதை இருந்த அத்தனை பேரும் பல்லிக்கு நடந்ததைப் பார்த்தவர்கள். அதனால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

சபை கூடிக் கூடிப் பேசியது. கடைசியில் ஒரு தீர்மானம் செய்தார்கள். இனிமேல் கதைக்கும் மாலை உண்டு. பழைய கதை ஒன்றை எடுத்து ஆட்டத்துக்கு ஏற்றபடி நன்றாகச் செய்துகொடுத்தால் அதற்கு ஒரு மாலை. ஏற்கெனவே யாரும் சொல்லாத, தன் மனசிலிருந்தே எடுத்து ஆட்டத்துக்கென்றே சொன்ன கதைக்கு வேறொரு மாலை, தனியாக. மற்ற மாலைகளுக்கு உள்ள சத்தியம் எல்லாம் இதற்கும் உண்டு. பிள்ளைகளே, பல்லிக்கு அநியாயம் நடந்துவிட்டதே என்று யாரும் இதைச் செய்யவில்லை. பாறை காலியாக இருந்தது, பார்க்க ஒன்றும் இல்லை, அதனால் செய்தார்கள்.

முதல் மாலைக்கு நொச்சியையே கூப்பிடலாம் என்று மந்தியை அனுப்பினார்கள். மந்தியின் குட்டி வளர்ந்து தனியாகக் கிளை தாவிக்கொண்டிருந்தது. நொச்சி ஒரு பாறை இடுக்கில் இருந்தாள். மந்தி எதிரே உட்கார்ந்து வெகுநேரம் தரையைச் சுரண்டினாள். அன்றைக்கு நான் பேசியிருக்கவேண்டும் என்றாள். நொச்சி தாவிக்கொண்டிருந்த அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்தாளா, எப்படிப் பார்த்தாள் என்று மந்திக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவள் வந்தாள். குகைப் பாறையில் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டாள். கொம்பனார், நடந்தது நடந்துபோயிற்று அம்மா, நல்லதாக ஒரு கதை சொல் என்றார். ஆரம்பி தங்கச்சி என்றான் தோகையன். நொச்சி வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, ஒட்டிப் பிரிந்தது. "ச்சு" என்றொரு சத்தம் வந்தது. அவ்வளவுதான் வந்தது. பல்லிக்குப் பேச்சு போய்விட்டது என்று சபையில் சிரித்தார்கள், பிறகு அவளை மறந்துவிட்டார்கள்.

வெகுநேரம் கழித்துக் காசாம்பு என்ற அணில் எழுந்தாள். இலுப்பை மரப் பொந்தில் கண் திறக்காத குட்டிகள் வைத்திருந்தவள். அவளுக்கும் அந்த மாலை வேண்டும், அவளுக்கும் அதே காரணம். நடுங்கிக்கொண்டே ஒரு கதை சொன்னாள். அதை ஆடினார்கள். நல்ல கதை. காடு மறுபடி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. ஆட்டம் முடிந்து கொம்பனார் கொன்றை மாலையைத் துதிக்கையில் தூக்கினார். காசாம்பு கழுத்தை நீட்டினாள்.

"அதுசரி," என்றான் தோகையன், சும்மா ஆசைக்குத்தான் கேட்டான், "எங்கேருந்து எடுத்தே இந்தக் கதையை?"

துதிக்கை நின்றது. ஆமாம், அதைச் சொல்லவேண்டும் என்று சபை காதைத் தீட்டியது. முன்வரிசையில் செம்போத்து தலையை ஒருபக்கம் சாய்த்தார். காசாம்புவின் கண் தன்னை அறியாமல் இலுப்பை மரத்தின் பக்கம் போனது. வாய் திறந்தது.

"ச்சு, ச்சு, ச்சு" என்று பாறையிலிருந்து ஒரு சத்தம்.

காசாம்பு நிமிர்ந்து பார்த்தாள். ஓரத்தில் கறை மாதிரி ஒட்டியிருந்தவளை, அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பார்த்தாள். வாயை மூடினாள். வாலைச் சுருட்டிக்கொண்டாள். பிறகு சபையைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்கேருந்தும் இல்லண்ணே. சும்மா உக்காந்திருந்தேன், தோணுச்சு."

மாலை விழுந்தது. அந்த வருஷம் இலுப்பைப் பொந்தில் குட்டிகள் கண் திறந்தன, பால்குடி மறந்தன, கிளைக்குக் கிளை ஓடின.

நொச்சி காட்டில் இருக்கவில்லை. அவளும், அவளிடமிருந்து அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்ட பல்லிகளும், மனிதர்கள் சுவர் கட்டத் தொடங்கியதும் சுவருக்கு வந்துவிட்டார்கள். நாம் ஏதாவது பேசும்போது சுவரிலிருந்து "ச்சு, ச்சு" என்று கேட்டால், பார், பல்லியே சொல்லிவிட்டது, நான் சொல்வது சத்தியம் என்கிறோம். அது அப்படிச் சொல்லவில்லை. போதும், இதற்குமேல் சொல்லாதே என்கிறது.

காட்டுக் குகை இருந்த இடத்தில் இப்போது பெரிய பெரிய அரங்கங்கள், கொன்றை இருந்த இடத்தில் தங்கப் பொம்மை. சொந்தமாக நினைத்து எழுதிய சினிமாக் கதைக்கென்று ஒரு விருதைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுப்பது அணிலுக்கு மாலை விழுந்த அந்தச் சித்திரையிலிருந்துதான் வந்தது; அதை வாங்கியவரிடம் எங்கிருந்து கிடைத்தது இந்தக் கதை என்று மைக்கை நீட்டினால், அவர் சிரித்துக்கொண்டே சும்மா தோணுச்சு என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் தூங்குகிற வீட்டுக்கு வேகமாகப் போய்விடுவதும் அந்தச் சித்திரையிலிருந்துதான்.